பெரிய எழுத்து பைபிள்: ஒரு கை மட்டும் வேலை செய்யுற அம்மாவுக்கு வாங்கினது

அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்து எட்டு மாசம் ஆகுது. வலது கையும் பேச்சும் போச்சு, கால் மட்டும் பிசியோதெரபில கொஞ்சம் கொஞ்சமா திரும்பிருக்கு. அவங்களுக்காக பாளையங்கோட்டையில ஒரு கிறிஸ்தவ புத்தகக் கடையில பெரிய எழுத்து பைபிள் வாங்கினேன், ஆறு மாசமா தினமும் திறக்குறோம், வாங்குறதுக்கு முன்னாடி நான் தேடினப்போ இப்படி ஒரு நிலைமையில இருக்கவங்களுக்கு எது சரியா வரும்னு யாரும் எழுதல, அதனால எழுதுறேன்.

மொதல்ல எழுத்து. அம்மாவோட பழைய பைபிள் கல்யாணத்துக்கு தாத்தா குடுத்தது, எழுத்து எல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். இதுல ஜன்னல் வெளிச்சம் இருந்தா அம்மாவுக்கு கண்ணாடியே வேண்டாம். வசன நம்பர் தனியா பளிச்சுனு தெரியுது, இயேசு பேசுறது சிவப்பு எழுத்து. தாள் மெலிசு தான், பின்பக்க எழுத்து லேசா தெரியும், ஆனா வாசிக்க இடைஞ்சல் இல்ல.

கனம் தான் பிரச்சினை. ஒண்ணே முக்கால் கிலோ இருக்கு. முதல் நாள் மடியில வச்சேன், சரிஞ்சு கீழ விழுந்துச்சு, அம்மா முகம் வாடிப்போச்சு. அந்த வாரம் அவங்க கூட ஸ்கூல்ல வேலை பார்த்த டீச்சர் ஒருத்தங்க மேலப்பாளையத்துல இருந்து பார்க்க வந்தாங்க, வந்து உக்காந்து எல்லாத்தையும் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லல, மறுநாள் குர்ஆன் வச்சு ஓதுற மடக்குப் பலகை ஒண்ணை மகன்கிட்ட குடுத்து அனுப்பிட்டாங்க. அது மேல வச்சா இந்த பைபிள் அசையாம விரிஞ்சு நிக்குது. வாங்குறவங்க அப்படி ஒரு பலகையும் சேர்த்து வாங்கிருங்க.

ஜிப் வச்ச கவர் வேண்டவே வேண்டாம், ஒரு கையால இழுத்தா ஜிப்போட புக்கும் சேர்ந்து வருது. நான் முதல்ல அதான் வாங்கிட்டு வந்தேன், ரெண்டு நாள் கழிச்சு கொண்டு போனப்போ கடைக்காரர் முகம் சுளிக்காம சாதா கவர் உள்ளது மாத்தி குடுத்தார். ஓரத்துல விரல் வைக்க வெட்டு வெட்டா இருக்குற மாடலா பாருங்க, அம்மா இடது கை கட்டைவிரலை வச்சு பைபிள்ல பாட்டா இருக்குற சங்கீதப் புத்தகத்தை அவங்களே எடுத்துருவாங்க.

அந்த வெட்டுல பழைய ஏற்பாட்டு ரூத் புத்தகம் வர்ற இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு சீகன்பால்க் ஞாபகம் வரும். ஜெர்மன் மிஷனரி, 1706-ல டேனிஷ்காரங்க கையில இருந்த தரங்கம்பாடிக்கு வந்தவர், வந்த கொஞ்ச காலத்துலயே டேனிஷ் அதிகாரி அவரைப் பிடிச்சு நாலு மாசம் உள்ள போட்டுட்டார், வெளிய வந்து உக்காந்து புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல முடிச்சார், 1715-ல அச்சு வேலை முடிஞ்சுது. ஜெர்மனில இருந்து வந்த தமிழ் அச்செழுத்து ரொம்ப பெருசா இருந்ததால பேப்பர் பத்தாம போய் இங்கயே சின்ன எழுத்து வார்த்தாங்களாம். பழைய ஏற்பாட்டுல ரூத் வரைக்கும் வந்தார், 1719-ல இறந்துட்டார், வயசு 36. மீதியை அப்புறம் வந்தவர் முடிச்சார். ஆண்டவர் அந்த மனுஷனை அந்த ஜெயில்ல விட்டுடலன்னு என் கையில இருக்குற இந்த கனமே எனக்குச் சொல்லுது.

முக்கியமா ஒண்ணு, வயசானவங்களுக்கு வாங்கும்போது எந்த மொழிபெயர்ப்புன்னு பார்த்து வாங்குங்க. 1995-ல வந்த பொது மொழிபெயர்ப்பு வாசிக்க லேசா தான் இருக்கு, எனக்கும் பிடிக்கும், ஆனா அம்மாவுக்கு சண்டே ஸ்கூல் காலத்துல இருந்து மனப்பாடம் ஆனது அதுக்கு முன்னாடி இருந்த பழைய திருப்புதல் மொழிபெயர்ப்பு, ஒரு வார்த்தை மாறினாலும் அவங்களுக்கு அது வேற வசனம். ஸ்பீச் தெரபிஸ்ட் சொன்னாங்க, பேச்சு போனவங்களுக்கும் சின்ன வயசுல மனசுல பதிஞ்ச பாட்டு, ஜெபம் எல்லாம் சில நேரம் தங்குதடை இல்லாம வரும், அதனால கூட உக்காந்து பாடுங்க, வாசிங்கன்னு. தண்ணி வேணும்னு கேக்க வராம அம்மா அழுதுட்டு இருந்த நாள் அது, எனக்கு நம்பிக்கை வரல.

நான் தினமும் அஞ்சு சங்கீதம் வரிசையா வாசிச்சிட்டு வந்தேன். 73 வந்துச்சு. ஆசாப் மனசு கசந்து போய் பாடினது, உடம்பும் இருதயமும் மாண்டுபோகுதுன்னு அவரே சொல்றார். 23-ம் வசனம், "ஆனாலும் நான் எப்பொழுதும் உம்மோடிருக்கிறேன்"னு வாசிச்சு மூச்சு விட நிறுத்தினேன், அம்மா கட்டில்ல இருந்து "என் வலதுகையைப் பிடித்துத் தாங்குகிறீர்"னு முடிச்சாங்க. தெளிவா. மூணு மாசத்துல நான் கேட்ட முதல் முழு வாக்கியம். அந்த வலது கை போர்வை மேல அப்படியே கிடந்துச்சு.

உண்மையைச் சொல்லணும்னா ஐசியூ வாசல்ல உக்காந்திருந்த ஒன்பது நாளும் எனக்கு ஒரு ஜெபம் கூட வரல, சபைல இருந்து போதகர் ஐயர் வந்து ஜெபிச்சப்போ ஆமென் சொல்லக்கூட வாய் வரல, என் விசுவாசம் அவ்வளவுதான்னு நினைச்சேன். அப்போ நான் எதையும் பிடிச்சிட்டு இல்ல. அம்மாவாலயும் முடியல, அவங்களுக்கு பிடிக்க கையே இல்ல. ஆனாலும் நாங்க ரெண்டு பேரும் இன்னும் இங்க, அவர்கிட்ட தான் இருக்கோம்னா பிடிச்சிருக்கிறவர் யாருன்னு எனக்குத் தெரியும். கை இன்னும் திரும்பல, அதுக்காக கேக்குறதை நான் விடவும் இல்ல.

விலை ஆயிரத்துக்கு கொஞ்சம் கம்மி. கடையிலயே நடுவுல விரிச்சு பைண்டிங் படியுதான்னு பார்த்து வாங்குங்க. கனத்துக்காக ஒரு ஸ்டார் குறைச்சு 5-க்கு 4 குடுக்குறேன்.

இப்போ அம்மா வாசிக்க உக்காந்ததும் இடது கையால வலது கையைத் தூக்கி பக்கத்து மேல வச்சுக்குவாங்க, ஃபேன் காத்துல தாள் பறக்காது.