தங்லோங் இரவுக்கு எந்த லென்ஸ்: 35 பிரைமா, 24-70 ஜூமா?

கையில் இருந்த காசுக்கு ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும். பட்டியலில் கடைசியாக நின்றவை இரண்டு: சோனியின் 35 மி.மீ. எஃப் 1.8 பிரைம் (ஜூம் செய்ய முடியாத, ஒரே குவியத்தூர லென்ஸ்), அதே சோனியின் 24-70 மி.மீ. எஃப் 2.8 ஜிஎம் இரண்டாம் பதிப்பு ஜூம். நான் வாங்கியது 35. அதனால் இந்த அலசலில் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று இப்போதே தெரிந்திருக்கும். ஜூமை என் மச்சானிடம் இரவல் வாங்கி, நான் படம் எடுக்கும் கோலாலம்பூர் ஆற்றோரத்திலேயே, தங்லோங் என்னும் சீனக் காகித விளக்கு விழாவில் பயன்படுத்திப் பார்த்தேன். அவன் கல்யாணப் படம் எடுப்பவன், அவனுக்குச் சோறு போடுவதே அந்த ஜூம்தான்.

முதலில் இடம். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் முனையில் 1909இல் கட்டிய மஸ்ஜிட் ஜாமெக் நிற்கிறது. அதற்குத் தெற்கே லெபோ பாசார் பெசார் பாலத்தில் நின்றால் இரண்டு ஆறும் பள்ளிவாசலும் ஒரே சட்டத்துக்குள் வந்துவிடும். இருட்டியதும் நீல விளக்கு போட்டு, புகைபோல் நீர்த்திவலையைக் கிளப்புவார்கள். அங்கிருந்து பசார் செனி வரை நடந்து, பெட்டாலிங் தெருவைக் கடந்தால் லோரோங் பங்கோங்கில் குவாய் சாய் ஹோங். சீன நாள்காட்டியில் எட்டாம் மாதப் பௌர்ணமி நெருங்கும்போது அந்தச் சந்தில் தங்லோங் அலங்காரம் பார்க்கவே கூட்டம் கூடும். ஆற்றங்கரையில் அகலம், சந்தில் நெருக்கம். ஒரே இரவில் இரண்டையும் சமாளிக்கும் லென்ஸ்தான் நமக்கு வேண்டும்.

இந்த ஒரு விஷயத்தில் ஜூம் சுலபமாக ஜெயிக்கிறது. பாலத்தில் அகலத்துக்கு 24, சந்தில் தங்லோங் தூக்கிவரும் பிள்ளையின் முகத்துக்கு 70, நடுவே லென்ஸ் மாற்றும் வேலையே கிடையாது. 35 வைத்திருப்பவன் காலால்தான் ஜூம் செய்ய வேண்டும், பாலத்தின் கைப்பிடிச் சுவர் வரை போன பிறகு அதுவும் முடியாது. இதில் வாதாட ஒன்றுமில்லை.

வெளிச்சத்தில் கதை மாறுகிறது. எஃப் எண் சிறுத்தால் லென்ஸ் கூடுதல் வெளிச்சம் வாங்கும். எஃப் 1.8க்கும் எஃப் 2.8க்கும் இடையே ஏறக்குறைய ஒன்றேகால் ஸ்டாப் வித்தியாசம், அதாவது ஏறத்தாழ இரண்டரை மடங்கு வெளிச்சம். பிரைமில் ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தைப் பெருக்கும் அளவு) 3200 போதும் என்றால் ஜூமில் 8000 பக்கம் போக வேண்டும். 'லென்ஸ் எதற்கு, கேமராவிலேயே கைநடுக்கத்தைத் தாங்கும் வசதி இருக்கிறதே' என்பார்கள். அது நம் கை ஆடுவதைத்தான் தாங்கும், ஓடும் பிள்ளையை நிறுத்தி வைக்காது. ஷட்டரை 1/100 வினாடியில் வைக்க இன்னொரு காரணமும் உண்டு. இப்போது பாதித் தங்லோங்குகளில் மெழுகுவத்தி இல்லை, விளக்குதான். மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் ஓடும் விளக்குகள் வினாடிக்கு 100 முறை துடிக்கும். 1/50 அல்லது 1/100 வைத்தால் படத்தில் கோடு விழும் தொல்லை குறையும். பேட்டரித் தங்லோங்குக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, ஆனால் கடைத்தெரு விளக்குகளுக்குப் பெரும்பாலும் பொருந்துகிறது.

நேரமும் குறைவு. செப்டம்பர் கடைசியில் இங்கே சூரியன் மறைவது ஏழு மணி தாண்டி. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் அந்தி சட்டென்று முடிந்துவிடும். வானத்தில் நீலம் தங்குவது 20, 25 நிமிடம்தான். அதற்குள் முக்காலியை விரித்து, நடப்பவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, மறுபடி மடக்கி... நான் முக்காலியை விட்டுவிட்டேன்.

நிலாவை நம்பி இரண்டில் எதையும் வாங்க வேண்டாம். குவியத்தூரத்தை, அதாவது லென்ஸ் பெயரில் வரும் மி.மீ. எண்ணை, 110ஆல் வகுத்தால், சென்சாரில் நிலா எத்தனை மி.மீ. விழும் என்று தோராயமாகத் தெரியும். 35இல் மூன்றில் ஒரு மி.மீ., 70இல் அதைப்போல் இரண்டு மடங்கு. இரண்டுமே புள்ளிதான்.

கைப்பேசியையும் ஒரு வரியில் முடித்துவிடலாம்: நிற்கும் கட்டடத்துக்கு அருமை, ஆடும் தங்லோங்குக்குச் சுமார், சிவப்புக் காகிதத்தை மட்டும் வெளுக்க வைத்துவிடும்.

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால் சமன் என்றுகூடச் சொல்லலாம். என் முடிவைத் தீர்மானித்தது படத்தின் தரமோ விலையோ அல்ல, விலை கிட்டத்தட்ட மூன்று மடங்கு என்றாலும். விழா முடிந்த பிறகு மீதி நாளெல்லாம் அந்த லென்ஸ் எங்கே கிடக்கும் என்ற கேள்விதான்.

நம் ஊரில் லென்ஸுக்கு எமன் ஃபங்கஸ். அலமாரியில் பூட்டி வைத்த தோல் செருப்பில் பூசணம் பிடிக்கிறதே, அதே கதைதான் கண்ணாடிக்குள்ளும். வித்து எங்கிருந்தும் வர வேண்டியதில்லை, தூசியோடு ஏற்கெனவே உள்ளே இருக்கும். ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டி, இருட்டும் காற்றோட்டமில்லாத இடமும் கிடைத்தால் நூல் நூலாக வளரத் தொடங்கும். கோலாலம்பூரில் வீட்டுக்குள்ளேயே அதைத் தாண்டாத நாள் அபூர்வம். முற்றினால் அது வெளியேற்றும் அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சை அரித்துவிடும், அப்புறம் துடைத்தாலும் தடம் போகாது.

தங்லோங் இரவில் நாம் செய்வதெல்லாம் ஃபங்கஸுக்கு விருந்து வைப்பதுதான். குளுகுளு எல்ஆர்டி ரயிலில் வந்து மஸ்ஜிட் ஜாமெக் நிலையத்தில் இறங்கிய உடனே கேமராவை வெளியே எடுத்தால் கண்ணாடி பனித்துவிடும். ஆற்றோரத்தில் நீர்த்திவலை. அக்டோபர் பக்கம் என்றால் சாயங்கால மழை. வீட்டுக்கு வந்ததும் களைப்பில் அப்படியே பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிடுகிறோம். வாரக்கணக்கில் அதைத் திறக்காமல் விட்டால் வினை ஆரம்பம்.

இங்கேதான் 280 கிராமும் 695 கிராமும் வேறுபடுகின்றன. சிறிய லென்ஸ் கேமராவிலேயே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை லெபோ அம்பாங் பக்கம் தோசை சாப்பிடப் போனாலும் கூட வரும், வெயில் படும், காற்றுப் படும். பெரியதை விசேஷத்துக்கு என்று எடுத்து வைப்போம். விசேஷத்துக்கு என்று வைத்ததுதான் இந்த ஊரில் கெட்டுப்போகிறது. மச்சானுடையது ஏன் நன்றாக இருக்கிறது? வாரம் தவறாமல் மண்டபத்தில் வேலை செய்கிறது. அவனுக்கு ஜூம் சரி, எனக்குச் சரிப்படாது.

கெட்டுப்போனால் செலவும் ஒன்றல்ல. 35இல் 11 கண்ணாடிகள், ஜூமில் 20. எத்தனை அடுக்கைக் கழற்றினாலும் திரும்ப அதே நேர்கோட்டில் உட்கார வைக்க வேண்டும், கூலியும் அதற்கேற்ப ஏறும். ஜூமை நீட்டி மடக்கும்போது உள்காற்று வெளியே போய் வெளிக்காற்று உள்ளே வருவதும் உண்டு. ஆனால் தூசிக்கும் ஈரத்துக்கும் தடுப்பு வைத்துத்தான் செய்திருக்கிறார்கள். அது ஐந்தாறு வருடம் கழித்து எப்படித் தாங்கும் என்று இரவல் வாங்கியவன் நான் அடித்துச் சொல்ல முடியாது.

விற்கப் போனாலும் இதே பிரச்சினைதான். பழைய லென்ஸ் வாங்க வருகிறவர் முதலில் படத்தைக் கேட்கமாட்டார். கைவிளக்கைப் பின்பக்கமாக அடித்து உள்ளே பார்ப்பார். ஒரு நூல் தெரிந்தால் போதும், பேச்சு அங்கேயே வேறு திசைக்குப் போய்விடும்.

ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கும் டிரை கேபினெட் அலமாரி இருக்கிறதே என்பீர்கள். சரிதான், 40 முதல் 50 விழுக்காட்டில் வைத்தால் ஜூமும் பிழைக்கும். அப்படியானால் அதன் விலையையும் ஜூமோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அவ்வளவு வேண்டாம் என்றால் காற்றுப் புகாத டப்பா, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள், ஒரு சின்ன ஈரமானி போதும். மணிகள் நிறம் மாறினால் சூடாக்கி மறுபடி போட வேண்டும், மறந்தால் அது வெறும் டப்பா.

மாதம் இரண்டு நிகழ்ச்சிக்காவது காசு வாங்கிப் படம் எடுப்பவர் என்றால் ஜூமையே வாங்குங்கள். மற்றவர்களுக்கு 35 போதும். எதை எடுத்துப் போனாலும் நிலையத்தில் இறங்கி 20 நிமிடம் பையைத் திறக்காதீர்கள், திரும்பி வந்த இரவு லென்ஸைத் துடைத்து, மூடி போடாமல் மின்விசிறிக்குக் கீழே கொஞ்ச நேரம் வையுங்கள்.