இன்வெர்ட்டரில் நியூட்ரலை எர்த்துடன் எங்கே சேர்ப்பது? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

கிரிட் (மின்வாரிய) மின்சாரம் இருக்கும்வரை வீட்டு நியூட்ரல் டிரான்ஸ்ஃபார்மர் பக்கமோ மெயின் போர்டிலோ எர்த்துடன் சேர்ந்தே இருக்கிறது. மின்சாரம் போனதும் பல ஹைபிரிட் இன்வெர்ட்டர்கள் (சோலார், பேட்டரி, கிரிட் மூன்றையும் கையாள்பவை) ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் உள்ளே இருக்கும் ரிலேயால் (தானாக இயங்கும் சுவிட்ச்) துண்டித்துவிட்டு பேட்டரிக்கு மாறுகின்றன. அப்போது அந்த எர்த் இணைப்பும் சேர்ந்தே போய்விடுகிறது. அதை யார், எப்போது மீண்டும் சேர்ப்பது என்பதில்தான் வழிகள் வேறுபடுகின்றன.

வழிகளைப் பார்க்கும் முன் ஒரு கணக்கு. 230 வோல்ட்டில் 5 கிலோவாட் இன்வெர்ட்டர் தரக்கூடியது சுமார் 22 ஆம்பியர். சில நொடிகளுக்கு மட்டும் ஏறத்தாழ இரு மடங்கு. 16 ஆம்பியர் சி-வகை எம்சிபி (மின்னோட்டம் மிகும்போது துண்டிக்கும் பிரேக்கர்) உடனே ட்ரிப் ஆக 80 முதல் 160 ஆம்பியர் வேண்டும். ஃபேஸ் வயர் வாஷிங் மெஷின் பாடியைத் தொட்டால், கிரிட்டில் விழும் அந்த எம்சிபி பேட்டரியில் உடனே விழாது. ஆகவே பேட்டரி ஓட்டத்தில் உயிர் காப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் பிரேக்கர்). கசிந்த மின்னோட்டம் எர்த் வழியாக இன்வெர்ட்டரின் நியூட்ரலுக்குத் திரும்பினால்தான் அது ட்ரிப் ஆகும். ஆகவே நியூட்ரல்-எர்த் இணைப்பு ஆர்சிசிபிக்கு முன்னால், இன்வெர்ட்டர் பக்கத்தில் இருக்க வேண்டும். எந்த நேரத்திலும் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும்.

எதையும் சேர்க்காமல் விடுவது. இதில் முதல் பழுது சத்தமே இல்லாமல் கடந்துவிடும். பாடியில் ஃபேஸ் ஏறி நிற்கும், எதுவும் ட்ரிப் ஆகாது. இன்னொரு இடத்தில் நியூட்ரல் பக்கம் பழுது வந்தால் கதையே மாறிவிடும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டிலும் டெஸ்டர் எரிவது இதன் அடையாளம்: இன்வெர்ட்டருக்குள் உள்ள ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் எர்த்தைக் கிட்டத்தட்ட நடுவில் நிறுத்துவதால் இரு பக்கமும் 115 வோல்ட் அருகே காட்டும். ஒரே ஒரு கருவியை ஓட்டும் சிறு போர்ட்டபிள் இன்வெர்ட்டருக்கு இது சரி. வீடு முழுக்க ஓடும் அமைப்புக்குக் கூடாது.

கிரிட் நியூட்ரலை அறுக்காமல் நேராகக் கொண்டுபோவது. ஃபேஸ் மட்டும் மாறும்; கூடுதல் பாகம் எதுவும் வேண்டாம். ஆனால் உங்கள் பாதுகாப்பு வெளியிலிருந்து வரும் ஒரு வயரை நம்பி நிற்கிறது. டபுள் போல் மெயின் சுவிட்சை அணைத்தாலோ, வெளியே நியூட்ரல் அறுந்தாலோ இணைப்பு போய்விடும். இன்வெர்ட்டர் லோடு நியூட்ரலும் கிரிட் லோடு நியூட்ரலும் அவுட்புட் ஆர்சிசிபிக்குப் பின் ஒரே பஸ்பாரில் (வயர்கள் சேரும் உலோகப் பட்டை) கலந்தால் அது காரணமின்றி விழுந்துகொண்டே இருக்கும். இன்வெர்ட்டர் கையேடு வெளிப்படையாக அனுமதித்தால் மட்டுமே இதைத் தொடுங்கள்.

அவுட்புட்டில் நிரந்தர லிங்க். கிரிட்டே இல்லாத வீட்டுக்கு இதைவிட எளிய, நம்பகமான வழி இல்லை. இன்வெர்ட்டர் அவுட்புட்டுக்கும் ஆர்சிசிபிக்கும் நடுவே, அவுட்புட் நியூட்ரல் கனத்திலேயே ஒரு செம்பு வயர் போதும். கிரிட் உள்ள வீட்டில் இதே லிங்க் தொல்லை. பைபாஸ் ஓட்டத்தில் (கிரிட் மின்சாரம் இன்வெர்ட்டர் வழியே நேராக லோடுக்குப் போகும்போது) கிரிட் நியூட்ரலுடன் இது இரண்டாவது இணைப்பாகிவிடும். லோடு மின்னோட்டத்தில் ஒரு பங்கு எர்த் வயரில் ஓடும், கிரிட் பக்க ஆர்சிசிபி விழும். உடனே சிலர் செய்வது அந்த ஆர்சிசிபியைக் கழற்றுவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கழற்ற வேண்டியது லிங்க்கை.

ரிலே மூலம் சேர்ப்பது. கிரிட்டும் பேட்டரியும் சேர்ந்த வீட்டுக்கு எங்கள் தேர்வு இதுவே. பேட்டரி ஓட்டத்தில் சேரும், கிரிட் பைபாஸில் பிரியும். இன்வெர்ட்டருக்குள்ளேயே இந்த ரிலே இருந்தால் செட்டிங்கில் அது இயங்கு நிலையில் உள்ளதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் வெளியே ஒரு கான்டாக்டர் (காயிலில் மின்சாரம் வந்தால் இயங்கும் பெரிய ரிலே) வைக்கலாம்.

பலர் தவறுவது இந்தக் கான்டாக்டரில்தான். காயிலை கிரிட்டில் கொடுத்து, நார்மலி குளோஸ்டு கான்டாக்ட் (காயிலில் மின்சாரம் இல்லாதபோது சேர்ந்திருப்பது) வழியே நியூட்ரலை எர்த்துடன் சேர்ப்பார்கள். மின்சாரம் போனால் சரியாகச் சேரும். ஆனால் சோலார், பேட்டரி முதலில் என்று செட் செய்த இன்வெர்ட்டர், கிரிட் இருக்கும்போதே அதைத் துண்டித்துவிட்டு பேட்டரியில் ஓடும். காயிலில் மின்சாரம் இருப்பதால் கான்டாக்ட் பிரிந்தே நிற்கும். சூரியன் நன்றாக அடிக்கும் பகல் முழுக்க வீட்டுக்கு நியூட்ரல்-எர்த் இணைப்பே இருக்காது. காயிலை கிரிட்டிலிருந்து எடுக்காமல், இதற்கென்றே செட்டிங் உள்ள இன்வெர்ட்டரின் டிரை கான்டாக்ட்டிலிருந்து (தானே மின்சாரம் தராமல் சுவிட்ச் போல மட்டும் இயங்கும் முனைகள்) இயக்குங்கள்.

பேனல் ஃபிரேம் எர்த் தனி விஷயம் என்றாலும் ஒரே எர்த் பாரில்தான் முடிய வேண்டும். பேனலுக்கு ஒரு ராடு, வீட்டுக்கு ஒரு ராடு என்று போட்டு இரண்டையும் இணைக்காமல் விட்டால், அருகே இடி விழும்போது இரண்டுக்கும் இடையே எழும் வோல்டேஜ் இன்வெர்ட்டர் வழியாகத்தான் பாயும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத இன்வெர்ட்டரில் பேனல் நெகட்டிவை எர்த் செய்யவே கூடாது.

எந்த வழியானாலும் அளந்து பாருங்கள். மெயினை அணைத்து பேட்டரியில் ஓடவிட்டு ஒரு சாக்கெட்டில்: ஃபேஸ்-எர்த் 230, நியூட்ரல்-எர்த் ஓரிரு வோல்ட்டுக்குள். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மட்டும் நம்ப வேண்டாம். அது ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே உள்ள ரெசிஸ்டரால் இயங்குவதால், எர்த் இணைப்பே இல்லாதபோதும் ட்ரிப் ஆகும். ஃபேஸ்-எர்த் இடையே 30 மில்லி ஆம்பியர் செலுத்தும் சாக்கெட் டெஸ்டர் வேண்டும். பிறகு கிரிட்டைப் போட்டு, பைபாஸில் 2 கிலோவாட் லோடு கொடுத்து, ரிலேயிலிருந்து எர்த் பாருக்குப் போகும் வயரில் கிளாம்ப் மீட்டர் (வயரைச் சுற்றி மாட்டி மின்னோட்டத்தை அளப்பது) மாட்டுங்கள். அங்கே ஆம்பியர் கணக்கில் ஓடினால் ரிலே பிரியவில்லை. கடைசியாக, கிரிட் இருக்கும்போதே பேட்டரி முன்னுரிமைக்கு மாற்றி முதல் அளவீட்டை மறுபடி எடுங்கள்.