கிட்னி கட்டி பயாப்ஸிக்கு வடகரை லேப்: கண் கூர்மை, டப்பா சிறிசு

மதுரையில் வைகைக்கு வடகரையில் இருக்கும் இந்த லேபுக்குத் தேனி, ராமநாதபுரம் பக்கத்திலிருந்தெல்லாம் புற்றுநோய்க் கட்டிக்காக அறுத்தெடுத்த கிட்னிகள் வருகின்றன. ஸ்லைடு படிப்பதில் கை தேர்ந்தவர்கள். கோளாறு எல்லாம் ஸ்லைடுக்கு முன்னாலும் பின்னாலும்தான்.

முதலில் டப்பா. ஆஸ்பத்திரிகளுக்கு இவர்கள் கொடுப்பது ஒரு லிட்டர் டப்பா. கொழுப்போடு எடுத்த கிட்னியை அதில் திணித்தால், திசு அழுகாமல் காக்கும் ஃபார்மலினுக்கு இடமே மிஞ்சாது. திசுவின் அளவுக்குப் பத்து மடங்காவது, 10 சதவீத பஃபர் ஃபார்மலின் வேண்டும். அதற்கேற்ற பெரிய வாளிதான் தோது. அதுவும் மணிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் உள்ளே இறங்கும் என்பதால், லேபிடம் கேட்டுக்கொண்டு, விளிம்புக்கு மை தடவி, நீளவாக்கில் பிளந்து போட வேண்டும். முழுதாகப் போட்டு சித்திரை வெயிலில் பஸ்ஸில் அனுப்பினால் நடுப்பகுதி அழுகிவிடும். அப்புறம் செல்லின் உட்கருவுக்குள் புள்ளியாகத் தெரியும் நியூக்ளியோலஸ் மங்கும்; கட்டிக்குள் தானாகச் செத்த பகுதியையும் (நெக்ரோசிஸ்), டப்பாவில் அழுகியதையும் பிரித்துச் சொல்வது பெரும்பாடு. அந்த நெக்ரோசிஸ் நோயின் போக்கைச் சொல்லும் முக்கிய அடையாளம்.

கட்டி எவ்வளவு மூர்க்கமானது என்று சொல்லும் கிரேடு போடுவதில் நல்ல மார்க். பழைய ஃபுர்மன் முறையை விட்டுவிட்டு உலக சுகாதார நிறுவனம், ஐ.எஸ்.யு.பி. (சர்வதேச யூராலஜி பேத்தாலஜி சங்கம்) முறைக்கு வந்துவிட்டார்கள். 400 மடங்கில்கூட நியூக்ளியோலஸ் எடுப்பாகத் தெரியாவிட்டால் 1. 400-ல் எடுப்பாகத் தெரிந்தால் 2. 100 மடங்கிலேயே எடுப்பாக இருந்தால் 3. செல்களின் உருவமே மாறிப்போன சார்கோமட்டாய்டு, ராப்டாய்டு மாற்றமோ ராட்சத செல்களோ இருந்தால் 4. குரோமோஃபோப் என்னும் வேறு வகைக் கட்டிக்கு கிரேடு போடாமல் விட்டிருப்பது இன்னும் சரி. அதற்கு இந்த அளவுகோல் பொருந்தாது.

கிட்னியின் நடுக்குழியில் இருக்கும் சைனஸ் கொழுப்புப் பகுதியிலிருந்து ஒரே ஒரு பிளாக் (மெழுகில் பதித்த திசுத் துண்டு) எடுப்பதுதான் உறுத்துகிறது. குறைந்தது மூன்று வேண்டும். கிட்னிப் புற்றில் அதிகம் வரும் வகையான கிளியர் செல் கட்டி வெளியேறும் வழிகளில் முக்கியமானது அது. ஏழு சென்டிமீட்டரைத் தாண்டிய கட்டி அங்கே எட்டவில்லை என்று ரிப்போர்ட் வந்தால் இன்னும் பிளாக் வெட்டச் சொல்லுங்கள். எட்டியிருந்தால் டி3ஏ, அதாவது கிட்னியைத் தாண்டிய கட்டம். கிரேடு 3 கட்டிக்கு டி2-வா டி3-ஆ என்பதை வைத்தே ஆபரேஷனுக்குப் பின் பெம்ப்ரோலிசுமாப் என்னும் நோயெதிர்ப்பு மருந்தை யோசிப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கிறார்கள்.

அடுத்தது, கட்டியின் ஜீன் மாற்றங்களைப் பார்க்கிறோம் என்று எல்லாருக்கும் நீட்டும் 'ஜீன் பேக்கேஜ்'. வி.ஹெச்.எல். ஜீன் மாற்றம் பெரும்பாலான கிளியர் செல் கட்டிகளில் இருப்பதுதான். அதை வைத்து யாருக்கு நோய் திரும்பும் என்று சொல்ல முடியாது. பி.ஏ.பி.1 ஜீன் இழப்பு கெட்ட அறிகுறி, பி.பி.ஆர்.எம்.1 ஜீன் மட்டும் போயிருந்தால் அவ்வளவு மோசமில்லை. 9-ஆம் குரோமோசோமின் குட்டைக் கை இழப்பும் நல்லதல்ல. ஆனால் இவற்றை வைத்து இன்றைக்கு மருந்து மாறுவதில்லை. பரவாத கட்டிக்கு அந்தப் பணம் வீண். பி.ஏ.பி.1-ஐ மட்டும், ஸ்லைடிலேயே புரதத்தைக் காட்டும் ஐ.எச்.சி. சாயத்தில் பார்த்தால் போதும். அதிலும் பக்கத்து லிம்ஃபோசைட்டின் உட்கருவில் சாயம் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். அதுவும் வெளுத்திருந்தால் ஜீன் போய்விட்டது என்று சொல்ல முடியாது, ஃபார்மலின் போதாமல் இருந்திருக்கலாம்.

46 வயதுக்குள் வந்தால், இரண்டு கிட்னியிலும் இருந்தால், குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்தால் கதை வேறு. அப்போது வேண்டியது கட்டி பேக்கேஜ் அல்ல, ரத்தத்தில் பார்க்கும் பரம்பரை ஜீன் டெஸ்ட். கவுண்டரில் இந்த வித்தியாசத்தைச் சொல்ல ஆளில்லை.

பிளாக்கைக் கேட்டால் கையெழுத்து வாங்கிக்கொண்டு மறுபேச்சில்லாமல் தருகிறார்கள். வாங்கி கார் டேஷ்போர்டில் வைத்துவிடாதீர்கள். மதுரை வெயிலுக்கு மெழுகு இளகிவிடும்.