லைசென்ஸ் வேண்டாம் என்று சொல்லி 62,000 ரூபாயை ஏமாற்றிவிட்டார்கள்

நேற்றுக் காலை என் மின்சார பைக்கைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. வாங்கி ஐந்து வாரம்தான். 62,000 ரூபாய், சீட்டு எடுத்த பணம். ஆத்திரம் அடங்கவில்லை, இன்றே எழுதிவிடுகிறேன்.

அம்பத்தூர் பக்கம் ஒரு கடை. எனக்கு லைசென்ஸ் கிடையாது, கொரட்டூரிலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போய்வர வண்டி வேண்டும் என்றேன். "இதுக்கு லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எதுவும் வேண்டாம்க்கா, 250 வாட்தான்" என்று பின்சக்கர மோட்டாரில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினார் கடைக்காரர். பணத்தை எண்ணிக் கொடுத்ததும் இருக்கைக்கு அடியில் கைவிட்டு, வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு வெள்ளை வயரைப் பிடுங்கினார். "25லேயே நின்னா பாலம் ஏறாதுக்கா. இப்ப 45 போகும். உங்களுக்காகத்தான் செய்றேன்." கூடப் பிறந்த தம்பி மாதிரி பேசுகிறாரே என்று நம்பினேன். யாராவது நிறுத்தினால் கூப்பிடச் சொல்லி நம்பரும் கொடுத்தார்.

பாடி மேம்பாலத்துக்குக் கீழே நிறுத்தினார்கள். எஸ்.ஐ. குனிந்து அந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினார். அடியில் மோட்டாரிலேயே 1200 வாட் என்று பொறித்திருந்தது. 250 வாட்டுக்குள், 25 கி.மீ. வேகத்துக்குள், பேட்டரி நீங்கலாக 60 கிலோவுக்குள், அதோடு அரசு அங்கீகரித்த சோதனை மையத்தின் சான்று, இத்தனையும் இருந்தால்தான் விலக்காம். இல்லையென்றால் பதிவு, பச்சை நம்பர் பிளேட், லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும். பதிவில்லாத வண்டியை மோட்டார் வாகனச் சட்டம் 207ஆம் பிரிவில் பிடித்து வைக்கலாமாம். அங்கிருந்தே கடைக்காரருக்குப் போன் போட்டேன். 'போலீஸ்' என்றதும் வைத்துவிட்டார். அப்புறம் சுவிட்ச் ஆஃப்.

கடைக்குப் போனால் ஓனர் ஊரில் இல்லை என்றார் கடைப்பையன். சாயங்காலம் போனேன், உள்ளேதான் இருந்தார். "உங்களுக்குப் பேசத் தெரியலைம்மா, நாங்க என்ன பண்றது?" அக்கா அம்மாவாகிவிட்டேன். பில்லைக் காட்டினால் அது எஸ்டிமேட்தானாம். துண்டுச் சீட்டில் ஜி.எஸ்.டி. நம்பர்கூட இல்லை. 62,000 ரூபாய்க்கு அந்தத் துண்டுச் சீட்டுதான்.

ஐந்து வாரமும் என் பையனைப் பின்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டேன். யார் மேலாவது இடித்திருந்தால் இன்சூரன்ஸ்கூட இல்லை. நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

வாங்கப் போகிறவர்கள் அந்த மாடலுக்கான சோதனைச் சான்றைக் கேளுங்கள். புனே, மானேசர், நம் ஒரகடம் மாதிரி மையங்கள் தருவது அது. ஸ்டிக்கரை நம்பாதீர்கள். வயரைப் பிடுங்க விடாதீர்கள். ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் பணம் தராதீர்கள். நான் 1915க்கு, நுகர்வோர் உதவி எண்ணுக்கு, புகார் சொல்லியிருக்கிறேன். நாளைக் காலை மறுபடி அந்தக் கடை வாசலுக்குப் போகிறேன்.