கார்மல் ஊர் ரவுண்டானாக்கள்: தினமும் ஓட்டுபவன் எழுதும் விமர்சனம்

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், இண்டியானாபொலிஸுக்கு வடக்கே ஒட்டினாற்போல் இருக்கும் கார்மலுக்குக் குடிவரும் நம் ஆட்கள் முதலில் விசாரிப்பது பள்ளிக்கூடத்தைப் பற்றி. அடுத்த கேள்வி, "அந்த ரவுண்டானா எல்லாம் எப்படி, சமாளிச்சுடலாமா?" என்பதுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட மொத்தமாக எழுதிவிடுகிறேன். மார்க்கை முதலிலேயே போட்டுவிடுகிறேன்: ஒற்றை லேன் ரவுண்டானாவுக்கு 5-க்கு 5. இரட்டை லேன் என்றால் கார் ஓட்டுபவனாக 4, நடந்து போகிறவனாக இரண்டரை.

சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் ஊரில் 150-க்கு மேல் ரவுண்டானா இருக்கிறது. அமெரிக்காவில் வேறெந்த ஊரிலும் இத்தனை கிடையாது. 1996 முதல் 2023 முடிய மேயராக இருந்த ஜேம்ஸ் பிரெய்னார்ட் பிடிவாதமாகச் செய்த வேலை இது. இங்கிலாந்தில் படித்தபோது அங்கே பார்த்துவிட்டு வந்தவர், 1990களின் கடைசியில் இங்கே கட்ட ஆரம்பித்தார். அப்புறம் சிக்னல் இருந்த இடம், நாலு பக்கமும் ஸ்டாப் போர்டு இருந்த இடம் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனார்கள். மிச்சமிருக்கும் சிக்னல்கள் கொஞ்சம்தான்.

விதி ஒன்றே ஒன்று: உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்குத்தான் முதல் உரிமை, நுழைகிறவர் காத்திருக்க வேண்டும். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், எல்லாமே இதில்தான் இருக்கிறது. நியூயார்க்கின் கொலம்பஸ் சர்க்கிள் மாதிரி பழைய வட்டங்கள் அமெரிக்காவில் 1900களின் தொடக்கத்திலேயே உண்டு. ஆனால் பல இடங்களில் நுழைகிறவருக்கு உரிமை கொடுத்திருந்தார்கள், அதனால் கூட்டம் ஏற ஏற உள்ளே இருப்பவர் வெளியே வர முடியாமல் மொத்த வட்டமும் பூட்டிக்கொள்ளும், அதைப் பார்த்துதான் 1950களில் வட்டமே வேண்டாம் என்று இந்த நாடு ஒதுங்கியது. பிரிட்டன் 1966-ல் உள்ளே சுற்றுகிறவருக்கே உரிமை என்று விதி போட்டது, வட்டம் அங்கே பிழைத்துக்கொண்டது. அந்தப் புதிய வகை 1990-ல் லாஸ் வேகாஸ் பக்கம் சம்மர்லினில்தான் முதலில் இங்கே வந்தது.

"நேரம் மிச்சமாகுமா?" என்று கேட்பவர்களுக்கு: ஆகும், ஆனால் நான் 5 மார்க் போட்டது அதற்காக இல்லை. உயிருக்காக. சிக்னல் உள்ள நாற்சந்தியில் ஒருத்தர் சிவப்பை மதிக்காமல் அறுபது எழுபது கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், குறுக்கே போகிறவரின் கதவிலேயே நேராக இடிப்பார். கதவுக்கும் ஆளுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? ரவுண்டானாவில் அப்படி இடிக்க வழியே கிடையாது. நுழையும் வழியை வேண்டுமென்றே வளைத்து வைத்திருப்பதால் எவ்வளவு அவசரக்காரரும் முப்பதுக்குப் பக்கத்தில் இறங்கித்தான் ஆக வேண்டும், மோதினாலும் சாய்வாக உரசும், பம்பர் போகும், ஆள் நடந்து வீட்டுக்குப் போவார். வழக்கமான நாற்சந்தியில் வண்டிகளின் பாதைகள் ஒன்றையொன்று வெட்டும், சேரும், பிரியும் புள்ளிகள் 32 என்றால், ஒற்றை லேன் ரவுண்டானாவில் 8தான். சிக்னலை எடுத்துவிட்டு ரவுண்டானா வைத்தால் உயிர்ச்சேதம், பலத்த காயம் ஏற்படும் விபத்துகள் 78 சதவீதம் குறைவதாக அமெரிக்க மத்திய நெடுஞ்சாலைத் துறையே சொல்கிறது. ஒரு இயந்திரமும் வைக்காமல், வளைத்துப் போட்ட கல்லும் மண்ணும் செய்யும் வேலை இது.

போன கோடையில் திருச்சியிலிருந்து மாமனார் வந்திருந்தார். முன் சீட்டில் உட்கார்ந்து ரெண்டு நாள் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டே வந்தவர், மூன்றாம் நாள், "மாப்பிள்ளை, போலீஸும் இல்ல, விளக்கும் இல்ல, ஆனா யாரும் யாரையும் முறைச்சுக்கலையே" என்றார். நம் ஊரில் கடிகாரம் சுற்றும் திசையிலேயே சுற்றிப் பழகியவர்களுக்கு இங்கே திசை மாறும், அதாவது கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிராகச் சுற்ற வேண்டும், பார்க்க வேண்டியது இடப்பக்கம் மட்டும். இது ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும்.

கட்டமைப்பில் எனக்கு ரொம்பப் பிடித்தது நடுத்திட்டைச் சுற்றிப் போட்டிருக்கும் அந்தச் செங்கல் நிற ஓரம். காருக்கு அது தேவையில்லை, ஏறினால் தடதடக்கும், அதனால் யாரும் ஏறுவதில்லை. ஆனால் பதினெட்டுச் சக்கர லாரி திரும்பும்போது நின்று கவனியுங்கள்: முன்பக்கம் சாலையிலேயே போகும், இழுவைப் பெட்டியின் பின்சக்கரங்கள் மட்டும் உள்பக்கமாக ஒடுங்கி அந்த ஓரத்தின் மேல் மெதுவாக ஏறி, உருண்டு, இறங்கிவிடும். வட்டம் சின்னதாக இருந்து கார் வேகம் குறையவும் வேண்டும், பெரிய லாரி மாட்டிக்கொள்ளவும் கூடாது, இரண்டுக்கும் ஒரே விடை. அந்த நேரத்தில் லாரிக்குப் பக்கத்தில் மட்டும் போய் ஒட்டாதீர்கள்.

கீஸ்டோன் பார்க்வே தனியாகச் சொல்ல வேண்டியது. முன்பு சிக்னலுக்குச் சிக்னல் நின்று போக வேண்டிய சாலை, இப்போது அது தரைக்குக் கீழே பள்ளத்தில் நிற்காமல் ஓடுகிறது, குறுக்குச் சாலைகள் மேலே நிலக்கடலை மாதிரி நடுவில் இடுங்கிய இரட்டை ரவுண்டானாவில் சுற்றுகின்றன. சாயங்காலம் ஐந்தரைக்கு 116-வது தெருவில் வரிசை நிற்கும், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும், ஒரே சிவப்பை மூன்று தடவை பார்க்கும் கொடுமை கிடையாது. ராத்திரி பதினொரு மணிக்கு ஆளில்லாத சந்தியில் சும்மா நின்று கிடக்கவும் வேண்டாம். புயல் அடித்துக் கரண்ட் போனால் பக்கத்து ஊர்களில் சிக்னல் அணைந்து ஆளுக்கு ஆள் கை காட்டிக்கொண்டிருக்கும்போது, இங்கே எதுவும் மாறாது.

சரி, குறைகள். இரட்டை லேனில் உரசல் அதிகம், முக்கால்வாசி ஒரே காரணம்தான்: எந்த லேனில் நுழைந்தால் எங்கே வெளியேறலாம் என்று வருமுன்பே போர்டில் போட்டிருக்கிறது, அதைப் படிக்காமல் உள்ளே வந்து லேன் மாற்றுவது. உள் லேனில் இருப்பவர் வெளியேறும்போது வெளி லேனில் ஒருத்தர் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தால் இடிதான். வெளியேறும் முன் வலது இண்டிகேட்டர் போடாதவர்களும் நிறைய. காத்திருப்பவர் இவர் வருகிறாரா போகிறாரா என்று ஊகித்துக்கொண்டே நிற்க வேண்டியிருக்கிறது. அப்புறம், ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விடாமல் வண்டி வரும் வேளையில் அடுத்த பக்கத்துக்காரருக்கு இடைவெளியே கிடைக்காது. சிக்னல் என்றால் எல்லோருக்கும் முறை வரும், இது அந்த உத்தரவாதத்தைத் தருவதில்லை.

என்னை நிஜமாகவே வருத்துவது நடந்து போகிறவர்கள் நிலைமை. ஒற்றை லேனில் பிரச்சினை இல்லை, கடக்கும் சாலையின் நடுவில் நின்றுகொள்ள ஒரு திட்டு இருக்கிறது, ஒரு திசையை மட்டும் பார்த்துக் கடந்து, நின்று, அடுத்த திசையைக் கடக்கலாம். இரட்டை லேனில் ஒரு கார் நின்று வழி விடும், அது மறைப்பதால் அடுத்த லேன்காரருக்கு நாம் தெரியமாட்டோம். குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கே கடப்பது எனக்குப் பிடிக்கவே இல்லை. பார்வை இல்லாதவர்களுக்கு இன்னும் மோசம்: சிக்னலில் வண்டிகள் நிற்கும் சத்தத்தை வைத்துக் கடப்பார்கள், இங்கே சுற்றும் சத்தம் ஓயாமல் கேட்பதால் எந்த வண்டி நின்றது என்று காதுக்குப் பிடிபடாது. மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகளுக்கு விதி வகுக்கும் அமெரிக்க அணுகல் வாரியம் 2023-ல் வெளியிட்ட விதிகள், பல லேன் ரவுண்டானாவில் நடந்து போகிறவர்களுக்கு மின்னும் விளக்கோ மேடாக்கிய கடவையோ போன்ற ஏற்பாடு வேண்டும் என்கின்றன. கட்டி முடித்த பழையவற்றிலும் அதை வைக்க வேண்டும் என்று நகரக் கூட்டங்களில் நாமும் போய்க் கேட்கலாம்.

புதிதாக வந்திருப்பவர்கள் ஞாயிறு காலையில் குடியிருப்புப் பகுதியின் ஒற்றை லேன் வட்டங்களில் ஓட்டிப் பழகுங்கள், கீஸ்டோனுக்கு அடுத்த வாரம் போகலாம். வழியைத் தவறவிட்டால் பதறி பிரேக் போடாதீர்கள், இன்னொரு சுற்றுச் சுற்றி வாருங்கள், அதற்குத் தடையே இல்லை.