சங்கில் ஊற்றுவது எந்தப் பால்?

அக்காவுக்குக் குழந்தை பிறந்த இரண்டாம் நாள். பால் இன்னும் சுரக்கவில்லை என்று வீடே கலங்கிக் கிடந்தது. பசும்பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டுக் காய்ச்சி, ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டால் போதும் என்றார் அப்பத்தா. மாமா மெடிக்கல் ஷாப்பில் பவுடர் டின் வாங்கச் செருப்பை மாட்டிவிட்டார். கழுதைப்பால்காரரைக் கூப்பிடவா, சளியே பிடிக்காது என்றார் எதிர்வீட்டம்மா. அதற்குள் நர்ஸ் வந்து அக்காவை உட்கார வைத்துப் பீய்ச்சச் சொன்னார். சங்கில் விழுந்தது ஒரு டீஸ்பூன்கூட இருக்காது. மஞ்சளாக, பிசுபிசுவென்று, சங்கின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது.

அதுதான் சீம்பால். முதல் நாளில் குழந்தைக்கு வேளைக்குச் சில மில்லி போதும். வயிற்றில் அதற்கு மேல் இடமும் இல்லை. ஆக, பால் சுரக்காமல் இல்லை. அளவு மட்டும்தான் குறைவு. அன்று பேச்சில் அடிபட்ட நான்கு பாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் பசும்பால், ஏனென்றால் அதிகம் பேர் சறுக்கும் இடம் அது. 100 மில்லி தாய்ப்பாலில் புரதம் ஏறக்குறைய 1 கிராம், கொழுப்பு மூன்றரை, லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை 7. பசும்பாலில் புரதம் 3 கிராமுக்கு மேல், கொழுப்பு 4-ஐ ஒட்டி, லாக்டோஸ் 5-க்கும் கீழே. கன்று ஒன்றரை மாதத்தில் பிறந்த எடையைப் போல இரு மடங்காகிவிடும். நம் பிள்ளைக்கு அதற்கு ஐந்து மாதம்வரை ஆகும். கன்றின் வேகத்துக்கு அமைந்த பால் அது. சரி, தண்ணீர் கலந்தால்? அப்பத்தாவின் கணக்கையே போட்டுப் பாருங்கள். பாதிக்குப் பாதி கலந்த பிறகும் புரதம் தாய்ப்பாலைவிடக் கூடுதலாகவே நிற்கிறது. கொழுப்பு 2 கிராமுக்கும், லாக்டோஸ் இரண்டரைக்கும் கீழே இறங்கி, சக்தி பாதியாகிவிடுகிறது. குறைய வேண்டியது போதிய அளவு குறையவில்லை, குறையக் கூடாதது குறைந்துவிட்டது. சிட்டிகை சர்க்கரையால் அந்தப் பள்ளம் நிரம்பாது. பசும்பாலில் இரும்புச்சத்தும் சொற்பம், உடம்பில் ஒட்டுவது அதிலும் சொற்பம். சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத ரத்தக்கசிவும் வரும். ஒரு வயதுக்குள் பசும்பாலைப் பிரதான உணவாகக் கொடுக்காதீர்கள் என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான்.

கழுதைப்பாலைக் கேலி செய்யத்தான் நினைத்தேன். பார்த்தால், லாக்டோஸ் 7 கிராமை நெருங்குகிறது, புரதம் 2-க்குக் கீழே. கணக்கில் பசுவைவிட அதுதான் நமக்குச் சொந்தக்காரர். ஆனால் கொழுப்பு பெரும்பாலும் 1 கிராமையே எட்டாது. தெருவில் கறந்து காய்ச்சாமல் அப்படியே வாயில் ஊற்றுவது அடுத்த வினை. சளி பிடிக்காது, குரல் கணீரென்று வரும் என்பதற்கெல்லாம் ஆதாரம் இல்லை.

பவுடர் பால் உண்மையான போட்டியாளர். பசும்பாலைப் பிரித்து, மோர்ப்புரதம் கூட்டி, தாவர எண்ணெய், இரும்பு, வைட்டமின்கள் சேர்த்து, டின்னின் பின்பக்க அட்டவணை தாய்ப்பாலின் எண்களோடு ஒத்துப்போகும்படி செய்திருக்கிறார்கள். தாய்ப்பால் கொடுக்கவே முடியாத நிலையில் இதைத்தான் நம்ப வேண்டும். அப்படிக் கொடுக்கும் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஸ்பூன் கணக்குப் பிசகக் கூடாது. மாதக் கடைசியில் டின்னை இழுத்துப் பிடிக்க முப்பது மில்லிக்கு ஒரு ஸ்பூன் என்பதை அரை ஸ்பூன் ஆக்கினால், அப்பத்தா கணக்குதான் வேறு ரூபத்தில். பவுடர் கிருமியற்ற பொருளும் அல்ல. கலக்கும் தண்ணீர் குறைந்தது 70 டிகிரி சூட்டில் இருக்கட்டும், ஆறிய பின் கொடுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அட்டவணை ஒத்துப்போனால் பாலும் ஒன்றாகிவிடுமா? தாய்ப்பாலில் லிட்டருக்கு 5 முதல் 15 கிராம்வரை ஒலிகோசாக்கரைடு என்னும் சர்க்கரைகள் இருக்கின்றன. 150 வகைக்கு மேல். வேடிக்கை என்னவென்றால், குழந்தையால் அவற்றைச் செரிக்கவே முடியாது. அது குழந்தையின் குடலில் குடியிருக்கும் பிஃபிடோ என்னும் நல்ல பாக்டீரியாவுக்கான சாப்பாடு. இப்போது சில டின்களில் ஒன்றிரண்டு வகையைச் சேர்க்கிறார்கள். அப்புறம் எதிர்ப்புப் புரதங்கள். தாய் எந்த வீட்டில் எந்தக் கிருமியைச் சந்திக்கிறாளோ, அதற்கான ஐஜிஏ (IgA) என்னும் எதிர்ப்புப் புரதம் அவள் பாலில் இறங்குகிறது. ஒரே வேளையில்கூடப் பால் மாறும்: ஆரம்பத்தில் நீலம் பாரித்துத் தண்ணியாக, முடிவில் கொழுப்பேறி. முதலில் வருவதைப் பார்த்துவிட்டுத்தான் "உன் பால் தண்ணிப் பால்" என்று எத்தனையோ பெண்களை அழ வைத்திருக்கிறோம்.

பலன்களை ஊதிப் பெருக்கவும் வேண்டாம். 1996-97-இல் பெலாரஸில் 17,000-க்கு மேற்பட்ட தாய்-சேய் ஜோடிகளை வைத்து நடந்த பெரிய ஆய்வில், தாய்ப்பாலூட்ட நன்கு ஊக்குவித்த மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளுக்கு முதல் ஆண்டில் வயிற்றுத் தொற்று வந்தது 9.1 சதவீதம், மற்றவற்றில் 13.2. தோல் கரப்பானும் குறைந்தது. உடல்பருமனும் ஆஸ்துமாவும் குறையவில்லை. தாய்ப்பாலில் வைட்டமின் கே, டி இரண்டும் குறைவு என்பதும் உண்மை. பிறந்தவுடன் போடும் கே ஊசியும், தினம் 400 யூனிட் டி சொட்டும் அதற்காகத்தான்.

அன்றைய பேச்சில் யாரும் சொல்லாத ஐந்தாவது பால் ஒன்று உண்டு: தாய்ப்பால் வங்கி. இந்தியாவின் முதல் வங்கி 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது. தானமாக வரும் பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்குவார்கள். அதில் எதிர்ப்புச்சக்தி கொஞ்சம் அடிபடும். ஆனாலும் எடை மிகக் குறைந்த குறைப்பிரசவக் குழந்தைகளுக்குக் குடல் அழுகல் நோயைப் பவுடரைவிட நன்றாகத் தடுக்கிறது. சொந்தத் தாயின் பால் போதாத பச்சிளம் சிசுவுக்கு என் வரிசையில் இரண்டாவது இடம் இதற்குத்தான், பிறகே டின்.

அக்காவுக்கு நான்காம் நாள் பால் கட்டிக்கொள்ளும் அளவுக்குச் சுரந்தது. அப்பத்தா காய்ச்சி வைத்த பசும்பால் அன்று எங்கள் எல்லோருக்கும் காபியாகப் போனது. தண்ணீர் கொஞ்சம் தூக்கல்.