ஒத்தக்கடைப் பக்கத்துத் தடகளப் பயிற்சி வகுப்பு: 8 மாத அனுபவம்

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில் ஒத்தக்கடையைத் தாண்டி, யானைமலை முழுதாகத் தெரியும் ஒரு செம்மண் மைதானத்தில், 8 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு மாலை 4.30 மணி முதல் 6 மணி வரை நடக்கும் தடகளப் பயிற்சி வகுப்புக்கு என் 11 வயது மகளை 8 மாதங்களாக அழைத்துச் சென்று வருகிறேன். கட்டணம் மாதம் 800 ரூபாய். பெயர்ப்பலகையோ விளம்பரமோ கிடையாது. ஆகவே அங்கே என்ன கற்றுத் தருகிறார்கள் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இதற்கு முன் நகருக்குள் வேறொரு பயிற்சி மையத்தில் ஓராண்டு சேர்த்திருந்தேன். அங்கே மகள் வேகமாக ஓடுகிறாள் என்று கண்டதும், வாரத்தில் ஆறு நாளும் 100 மீட்டர் ஓட்டம் ஒன்றையே கொடுத்தார்கள். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி என்று அவள் சொன்னபோது, பழகினால் சரியாகிவிடும் என்றார்கள். கடைசியில் மருத்துவர் ஆறு வாரம் ஓடவே கூடாது என்று நிறுத்திவைத்தார். அந்த ஆறு வாரமும் அவள் காலணியை எடுத்து எடுத்துத் துடைத்து வைத்ததைப் பார்த்த பிறகுதான் வேறு இடம் தேடத் தொடங்கினேன்.

இந்த வகுப்பை நடத்துபவர், பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். பிள்ளைகளுக்கு அவர் ‘டீச்சர்’. பி.டி. உஷா 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நொடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வெண்கலத்தை இழந்த மறு ஆண்டு, மதுரையில் கல்லூரியில் சேர்ந்தவர். அந்தக் காலத்தில் கல்லூரி அணிக்குப் பெண்கள் கிடைப்பதே அரிது என்பதால், கோ-கோ பருவத்தில் கோ-கோ, அது முடிந்ததும் வாலிபால், பிறகு தடகளத்தில் தடை ஓட்டமும் நீளம் தாண்டுதலும் என்று ஆண்டு முழுவதும் ஆடியிருக்கிறார். மூன்றாம் ஆண்டில், காலையில் தடை ஓடிவிட்டு அதே மாலையில் வாலிபால் ஆடச் சொன்னார்களாம். வலையருகே எம்பி இறங்கும்போது இடது முழங்கால் திருகிக்கொண்டது. அதோடு ஆட்டம் முடிந்தது. பிறகு பாட்டியாலாவில், 1961-இல் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனத்தில், பயிற்சியாளர் பட்டயம் பெற்றுப் பணிக்கு வந்திருக்கிறார். இதை நான் கேட்டபோது அவர் வருத்தத்தோடு சொல்லவில்லை. ஒரு பிள்ளைக்கு ஒரே நாளில் எவ்வளவு குதிக்கக் கொடுக்கலாம் என்பதை எனக்கு விளக்குவதற்காகவே சொன்னார்.

பல ஆட்டங்கள் ஆடியவரின் கண் வேறு என்பதை இந்த 8 மாதங்களில் கண்டுகொண்டேன். முதல் மூன்று மாதங்களுக்கு என் மகளை அவர் பெரும்பாலும் கோ-கோவில்தான் விட்டார். ஓட்டப்பந்தயத்துக்கு வந்த பெண்ணுக்குக் கோ-கோ எதற்கு என்று எனக்குள் ஒரு குறை இருந்தது. கோ-கோவில் கட்டத்தில் குந்தியிருப்பவர், முதுகுப்புறமிருந்து ‘கோ’ என்ற குரல் கேட்ட கணத்தில் எழுந்து பாய வேண்டும். குந்திய நிலையிலிருந்து எழும் அந்த முதல் இரண்டு அடிகளைத்தான் 100 மீட்டர் ஓட்டத்தின் புறப்பாட்டிலும் வைக்க வேண்டியிருக்கிறது. கம்பத்தைச் சுற்றித் திரும்பும்போது உடலை உள்பக்கம் சாய்ப்பது 200 மீட்டர் வளைவுக்கு உதவுகிறது. இவற்றையெல்லாம் அவர் பாடமாக நடத்துவதில்லை. மூன்று மாதம் கழித்து ஓடவிட்டபோது, புறப்பாடு தானாகவே வந்திருந்தது.

தடை ஓட்டம் கற்றுத்தரும் விதத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பெண்களுக்கான 100 மீட்டர் தடை ஓட்டத்தில் இரு தடைகளுக்கு இடையே 8.5 மீட்டர், அதை மூன்று எட்டு வைத்துக் கடக்க வேண்டும். குழந்தைகளால் அது முடியாது. ஆகவே முழங்கால் உயரத்துக்குப் பிளாஸ்டிக் குழாய்களை, தட்டினால் விழும்படி வைத்து, இடைவெளியை ஒவ்வொரு பிள்ளையின் எட்டுக்கும் தக்கபடி சுருக்குகிறார். பிறகு ஓடுகிற பிள்ளைக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்கிறார். இறுகிய தரையில் இறங்கும் காலையும் சேர்த்து நான்கு ஒலி கேட்க வேண்டும். ஐந்தாவது ஒலி கேட்டால் திரும்பாமலேயே கையை உயர்த்துவார். உதவிக்கு நிற்கும் பெரிய பையன் அடுத்த குழாயை ஓர் அடி நெருக்கி வைப்பான். “காலைப் பாக்காத தாயி, சத்தத்தக் கேளு” என்பார். என் மகள் இப்போது வீட்டுத் திண்ணையில் விரலால் அந்த நான்கு தட்டைத் தட்டிக்கொண்டிருக்கிறாள்.

குறைகளும் உண்டு. பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை இல்லை. பக்கத்து வீட்டாரின் தயவில்தான் போக வேண்டியிருக்கிறது. 800 ரூபாயை ஆயிரமாக உயர்த்தியாவது இதைச் செய்ய வேண்டும் என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். மழை பெய்தால் இரண்டு நாள் வகுப்பு கிடையாது. மாவட்டப் போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகள் ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

ஆறு மாதத்தில் பதக்கம் வேண்டும் என்ற பெற்றோருக்கு இந்த இடம் ஒத்துவராது. இந்தப் பக்கத்துச் சக்கிமங்கலத்திலிருந்து டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 மீட்டர் கலப்புத் தொடரோட்டம் வரை சென்ற ரேவதியைச் சொல்லிக்கொண்டு 9 வயதுப் பிள்ளையைக் கூட்டிவருபவர்களுக்கு டீச்சர் தரும் பதில் ஒன்றுதான்: ரேவதி பயிற்சியாளர் கண்ணில் பட்டதே பன்னிரண்டாம் வகுப்பில்தான், உங்கள் பிள்ளைக்கு இன்னும் நாள் இருக்கிறது, விளையாட விடுங்கள்.

ஒவ்வொரு மாதமும் முதல் நாளில் சுவரில் நிற்கவைத்து உயரம் அளந்து, ஒரு நீள நோட்டில் குறித்துக்கொள்கிறார். வேகமாக வளரும் மாதங்களில் எலும்பும் தசைநாரும் சேரும் இடங்கள் எளிதில் நோகும் என்பதால், அந்தப் பிள்ளைக்குத் தாண்டுதலைக் குறைத்துவிடுகிறார். சென்ற மாதம் என் மகளின் பெயருக்கு எதிரே ஒன்றரை சென்டிமீட்டர் கூடியிருந்தது. அதன் கீழே சிவப்பு மையில், ‘தாண்டுதல் பாதி, கோ-கோ உண்டு’ என்று எழுதியிருந்தார்.